மழை லீவு வேண்டாம் என்றவள்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஆய்வில் பங்கேற்ற இருநூற்றுப் பன்னிரண்டு மாணவியரில் ஒருவர் இடையில் பள்ளியை விட்டு நின்றுவிட்டதால் அவரது தரவு நீக்கப்பட்டது என்று அது சொல்கிறது. அதற்கடுத்த வாக்கியம், எந்த மென்பொருளில் கணக்கிட்டேன் என்பது. படிப்பவர்கள் யாரும் அந்த இடத்தில் நிற்பதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

பள்ளி உளவியலில் முனைவர் பட்டம் என்றால், பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு என்றுதான் எங்கள் பக்கத்தில் பாதிப்பேருக்கு நினைப்பு. கடையத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்து என்னைக் கேட்டார். "ஊசியும் போட மாட்ட, மாத்திரையும் குடுக்க மாட்ட. பிள்ளையகிட்ட சும்மா பேசிக்கிட்டு இருப்ப. ஏட்டி, அதுக்கு ஏழு வருசமா?" பக்கத்து இலைக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆசிரியை வேலையைப் பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமைதோறும் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, நெறியாளர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று திரும்பிவந்த வருடங்கள் அவை. ஏழு வருடம் எதற்கு என்று எனக்குமே சில நாள் தோன்றும்.

பெண்பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வராமல் இருக்கிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. அதை நான் தேடிப் போகவில்லை. குற்றாலத்தில் சீசன் சூடுபிடித்தால் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பெஞ்சுகள் காலியாகும். அப்பா அருவிக்கரையில் துண்டும் பனியனும் விற்பார், அம்மா பஜ்ஜிக் கடையில் நிற்பாள், மூத்த பெண் வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வாள். சீசன் முடிந்த பிறகும் சிலர் திரும்பி வருவதில்லை. அவர்கள் ஏன் வரவில்லை, வேலையா, பயமா, தூரமா, மாதாமாதம் வருகிற அந்த நாட்களா என்று அளந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. வராத பிள்ளைகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததால், தவறாமல் வருகிற பிள்ளைகள் என் கண்ணில் படவே இல்லை.

வினாத்தாள் வெளிநாட்டுச் சரக்கு. அதைத் தமிழில் கொண்டுவரவே ஒரு வருடம் போனது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தனியாக உட்கார நேர்ந்தால் படபடப்பாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி. தட்டை ஏந்திக்கொண்டு சத்துணவு வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் போய் அதை எப்படிக் கேட்பது? அதையெல்லாம் வெட்டி ஒட்டி நாற்பது கேள்விகளுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றுக்கும் எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டங்கள். கடைசியில் ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று போட்டு, கீழே நான்கு கோடு விட்டேன்.

நெறியாளருக்கு அது பிடிக்கவில்லை. "இத எதுலம்மா கணக்குப் போடுவீங்க? நம்பர் வராத கேள்வி எதுக்கு?" என்றார்.

"இருந்துட்டுப் போகட்டும் சார்" என்றேன். அந்த நான்கு கோட்டுக்காக நான் பிடிவாதம் பிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு பெண்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு, நாற்பத்து நான்கு பிள்ளைகள், அன்றைக்கு வந்திருந்தவர்கள் நாற்பத்து இரண்டு. வகுப்பாசிரியையை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளைகளிடம் பேசினேன். "பேரு எழுத வேண்டாம். யாரு எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது." அவர்கள் நம்பாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பெயர் எழுதாமல் ஒரு தாளைக் கொடுப்பது அவர்களுக்குப் புதிது. பிறகு தலைகள் குனிந்தன. முக்கால் மணி நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

முடிந்ததும் வகுப்புத் தலைவி எழுந்து, யாரும் சொல்லாமலே தாள்களை வாங்கி அடுக்கி, மேசையில் தட்டிச் சீராக்கி என் கையில் கொடுத்தாள். அந்தக் கட்டை அப்படியே மேலிருந்து கீழாக எடுத்து ஒன்று முதல் நாற்பத்து இரண்டு வரை எண் போட்டேன். பெயர் இல்லை, முகம் இல்லை, வெறும் எண்கள். ஆய்வு அறத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மாவட்டம் முழுவதும் பள்ளிகளுக்கு லீவு என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு நாள் முழுதாகக் கிடைத்தால் இரண்டு வகுப்புத் தாள்களை ஏற்றிவிடலாம். சுக்குக் காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு மேல் இருபத்து மூன்றாம் தாள் வந்தது. என் கணக்கில் அவள் தங்கமான பிள்ளை. பள்ளியைக் கண்டு பயம் இல்லை, டீச்சரைக் கண்டு பயம் இல்லை, பரிட்சையைக் கண்டும் இல்லை. அதுவரை ஏற்றியவர்களிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் அவளுக்குத்தான், அதாவது மிக நல்ல மதிப்பெண். வீட்டில் இருக்கும் நேரம் எனக்குப் பிடிக்கும் என்ற கேள்விக்கு மட்டும் ஒருபோதும் இல்லை என்று வட்டம் போட்டிருந்தாள். அதையும் எண்ணாக மாற்றி ஏற்றிவிட்டுத் தாளைத் திருப்பினேன். நான்கு கோட்டில் முதல் இரண்டில் நல்ல குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள்.

"மழை லீவு விடாதீங்க டீச்சர். சனி ஞாயிறும் ஸ்கூல் வச்சா நல்லது. அப்பா வந்தா மட்டும் லீவு போதும்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லீவு. நான் சந்தோஷப்பட்ட அதே லீவில் அவளும் எங்கேயோ ஒரு வீட்டுக்குள் இருக்கிறாள். பள்ளிக்கு வராதவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று நாற்பது கேள்வி கேட்டவள், வருகிறவள் எதற்குப் பயந்து வருகிறாள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதை நான் ஒளிக்கப்போவதில்லை. குழந்தைகள் உதவி எண் 1098 என்று எல்லாப் பள்ளிச் சுவரிலும் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது. அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் நான் கூப்பிட்டது நெறியாளரை.

அவர் முழுவதையும் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. "பயப்படாதீங்கம்மா. பிள்ளைங்க ஆயிரம் எழுதும். இன்னும் ஒரு ஸ்கூல் பாக்கி இருக்குல்லா? இப்போ இத கிளப்புனீங்கன்னா பெர்மிஷன கேன்சல் பண்ணிருவாங்க. மொதல்ல டேட்டாவ முடிச்சிருங்க. அப்புறமா எச்செம்மப் பாத்து வாயால சொல்லிருங்க. எழுத்துல ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

எனக்கு அது வசதியாக இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நிமிடம் ஆறுதலாகவே இருந்தது. நாற்பத்து இரண்டு பிள்ளைகளில் இது யார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மழை நிற்கவில்லை. லீவை மறுநாளும் நீட்டினார்கள். அதோடு சனி ஞாயிறும் சேர்ந்துகொண்டது. நான்கு நாள். திங்களும் செவ்வாயும் ஆலங்குளத்துப் பள்ளியில் மிச்சத் தாள்களை வாங்கி முடித்தேன். புதன்கிழமை காலையில்தான் அந்தப் பள்ளிக்குப் போனேன்.

தலைமையாசிரியை தன் அறையில் காலை டிபனை அப்போதுதான் முடித்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. வகுப்பாசிரியையைக் கூப்பிட்டனுப்பினார். தாளை நான் கொண்டுபோகவில்லை. அந்த மூன்று வாக்கியங்களை மட்டும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். ஓரத்தில் 23 என்றும் போட்டிருந்தேன். அது என் சொந்த எண், யாருக்கும் விளங்காத எண் என்ற நினைப்பில் அதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

வகுப்பாசிரியை குறிப்பேட்டை ஒரு பார்வை பார்த்தார். "அன்னைக்கு ரெண்டு பேரு லீவு. ஏழாம் நம்பரும் பத்தொம்பதும். அப்போ இருபத்தி மூணுன்னா இருபத்தஞ்சு. ஐயோ, மிலிட்டரிக்காரர் பிள்ளைல்லா!"

"எப்படி டீச்சர் சொல்லுதிய?" என்று கேட்டேன்.

"லீடருதான அடுக்கிக் குடுத்திருப்பா? அட்டெண்டன்ஸ் ஆர்டர்லதான் அடுக்குவா. வேற எப்படி அடுக்குவா?"

வேறு எப்படி அடுக்குவாள்! எங்கள் பள்ளிகளில் பரிட்சைத் தாளோ, வீட்டுப்பாட நோட்டோ, பஸ் பாஸ் விண்ணப்பமோ, எதுவானாலும் வருகைப்பதிவு வரிசைப்படி அடுக்கித்தான் மேசைக்கு வரும். நானும் எட்டாம் வகுப்பிலிருந்து பத்து வரை தலைவியாக இருந்து அப்படித்தான் அடுக்கினேன். ஒரு தாள் இடம் மாறியதற்கு டீச்சரிடம் அடிகூட வாங்கியிருக்கிறேன். அது பழக்கம் என்று தோன்றாத அளவுக்கு எனக்குள் ஊறிப்போயிருந்தது. வருகைப்பதிவேட்டை வாங்கி ஒரு விரலை ஓட்டியிருந்தால், மழை பெய்த அன்றைக்கே அவள் பெயர் எனக்குத் தெரிந்திருக்கும். யாருக்கும் தெரியாது என்று நாற்பத்து இரண்டு பேரிடம் நான் சொன்னது பொய். ஒருத்தியைக் காப்பாற்றவும் அந்த எண் உதவவில்லை, காட்டிக்கொடுக்க மட்டும் உதவியது.

"வீட்டுக்குச் சொல்லிராதீங்க மேடம். 1098க்கு நாமளே சொல்லிருவோம்" என்றேன்.

"நம்ம ஸ்கூல் பேரு வெளிய வரப்படாதுல்லா? பொறுங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் தலைமையாசிரியை. நான் பொறுத்தேன். மறுபடியும் பொறுத்தேன்.

எங்கள் பள்ளிகளில் எந்தப் பிரச்சினைக்கும் ஒரே மருந்துதான். நாளைக்கு வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வா. தலைமுடி பின்னாமல் வந்தாலும் அதுதான், மயங்கி விழுந்தாலும் அதுதான். வகுப்பாசிரியை பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான் அவளிடமும் அதைச் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளுடைய அப்பா வடக்கே எல்லையில் ராணுவத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டை நடத்தியது சித்தப்பா.

வெள்ளிக்கிழமை நான் போனபோது தலைமையாசிரியை அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் வேன் சாவி. என்னைப் பார்த்ததும் நின்று கும்பிட்டார். "நீங்கதான் அந்த ஆராய்ச்சி பண்ணுத மேடமா? நல்ல காரியம். நம்ம பிள்ள கொஞ்சம் வெளாட்டு. மழைல வீட்டுக்குள்ளயே கெடந்தா போரடிக்குதுன்னு எழுதிட்டாளாம்." சிரித்தார். அமைதியாகப் படியிறங்கிப் போனார். அவள் யாரைக் கண்டு பயந்தாள் என்று அவள் எந்த இடத்திலும் எழுதவில்லை. அதனால் நானும் எழுதப்போவதில்லை. ஆனால் அவர் படியிறங்கியதும் நான் தலைமையாசிரியை அறைக்குள் போகாமல் நேராக அவள் வகுப்புக்குப் போனேன்.

ஒன்பதாம் வகுப்பில் அப்போது வருகை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் நின்று கேட்டேன். இருபத்து நாலு, உள்ளேன் டீச்சர். இருபத்தஞ்சு. பதில் இல்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "வரல டீச்சர்" என்றது. அந்த வருடம் அவள் வராத முதல் நாள் அது. போன வருடம் ஒரு நாள்கூட லீவு போடாததற்கு அவளுக்கு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்களாம். வகுப்பாசிரியை பிறகு அழுதுகொண்டே சொன்னார்.

அன்றைக்குத்தான், அந்த வராந்தாவிலேயே நின்று, 1098ஐக் கூப்பிட்டேன். சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்தினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்.

மறுநாளே உதவி எண்ணிலிருந்து இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், சின்ன வயசு. வீட்டுக்குப் போனார்கள். பிள்ளையை அம்மா வழிச் சொந்தத்தில் திருவேங்கடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்களாம். அங்கேயும் போனார்கள். அவர்களில் பெண் ஊழியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ரெண்டு மணி நேரம் இருந்தோம் மேடம். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு மட்டும்தான் சொல்லுது. ஒருக்கா எழுதி மாட்டிக்கிட்ட பிள்ள, இனி எப்படி வாயத் தொறக்கும்?" அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து ஒப்புதல் படிவங்கள் இருந்த கோப்பை எடுத்தேன். பிள்ளைகள் பங்கேற்கப் பெற்றோர் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும் என்பது விதி. அந்தப் படிவங்களும் வரிசைப்படிதான் இருந்தன. அவளுடைய படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் அந்தச் சித்தப்பாவின் கையெழுத்து இருந்தது. அழகான கையெழுத்து. பிள்ளையிடம் நான் கேள்வி கேட்க அவர்தான் எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

அவளை ஒரே ஒரு முறை பார்த்தேன். கார்த்திகையில் மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மாவோடு வந்திருந்தாள். எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை, பழைய சீருடையின் நீலச் சுடிதார். அம்மா கையெழுத்துப் போட உள்ளே போனதும் நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்னென்னவோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. அதற்குள் அவளே பேசினாள்.

"மேடம், நான் சும்மாத்தான் எழுதினேன்."

"சரிம்மா."

"அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுருதியளா?"

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் என்னால் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும். அவள் கெஞ்சினாள். "கிழிச்சுருதேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். அம்மா வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் வேன் நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அதே வெள்ளைச் சட்டை. நான் கேட்வரை போனேன். அதற்குமேல் போகவில்லை.

வேனைப் பார்த்ததை உதவி எண்ணுக்கு மறுபடியும் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அந்தக் கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்டபோதெல்லாம் விவரம் வெளியே சொல்லக்கூடாது மேடம் என்றார்கள். அது சரியான பதில். ரகசியத்தை எப்படிக் காக்க வேண்டும் என்று அவர்களுக்காவது தெரிந்திருந்தது.

இரண்டு வருடம் கழித்து வாய்மொழித் தேர்வு. அறை நிறையப் பேராசிரியர்கள், எனக்குப் பட்டுப்புடவை, எல்லோருக்கும் முந்திரி பக்கோடாவும் காப்பியும். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பொறுமையாகப் பக்கம் புரட்டினார். என் ஆய்வு அற நடைமுறை மற்றவர்களுக்கு முன்மாதிரி என்று பாராட்டினார். பெயரே வாங்காமல் தரவு திரட்டியதை இரண்டு முறை சொன்னார். நெறியாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருநூத்திப் பன்னெண்டுல ஒருத்தர எடுத்திருக்கீங்களே, என்ன காரணம்?" என்று கேட்டார் தேர்வாளர்.

"பள்ளிய விட்டு நின்னுட்டா சார்."

"ஏன்?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழு வருடம் நான் தேடிய கேள்வியே அதுதான், ஒரு பெண்பிள்ளை ஏன் பள்ளிக்கு வராமல் போகிறாள் என்பது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் எனக்கு உறுதியாக விடை தெரியும். நான் வந்ததால் அவள் நின்றாள்.

"குடும்பச் சூழ்நிலை சார்" என்றேன். அவளுடைய மாற்றுச் சான்றிதழிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கைதட்டினார்கள்.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. என்றாவது யாராவது விசாரிக்க வந்தால் காட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். கிழித்துவிட்டால் நான் தப்பித்துவிடுவேன் என்பது இன்னொன்று. ஆக அவளிடம் நான் சொன்ன பொய் இரண்டு.

இப்போதும் மழை பிடித்தால் போனில் செய்தி வருகிறது. தெருவில் பிள்ளைகள் ஓவென்று கத்துகிறார்கள். நான் திருவேங்கடத்தை நினைத்துக்கொள்வேன். அது வானம் பார்த்த பூமி. குற்றாலத்தில் அருவியில் ஆள் நிற்க முடியாதபடி தண்ணீர் விழுகிற நாளிலும் அங்கே வெயில் அடிக்கும். அவள் அங்கேயே இருந்து, ஏதோ ஒரு பள்ளியில் சேர்ந்திருந்தால், மழை அவளை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது என்று ஒரு நிமிடம் ஆறுதலாக இருக்கும். பிறகு செய்தியை மறுபடியும் படிப்பேன். லீவு மாவட்டம் முழுவதற்கும் என்றுதான் போட்டிருக்கும். திருவேங்கடமும் எங்கள் மாவட்டம்தான்.